ஆடுகிற படத்தைத் தொடு

நாலு வயது மிளகுக்குக் காது கேட்கவில்லை என்று டீச்சர் போய்ச் சொன்னபோது, பெரிய மேடத்தின் அறைச் சுவரில் இருந்த திரையில் அதே மிளகு கேட்டல் திறனில் இருபதுக்கு இருபது வாங்கிப் பச்சையாக நின்றிருந்தாள்.

வகுப்பில் பிள்ளைகள் விரலால் தொட்டு விளையாடுகிற டேப்லெட்டுகள், எல்லாருக்கும் சுருக்கமாக டேப், போடுகிற மார்க் அந்தத் திரையில் வரும். பெரிய மேடம் நாற்காலியோடு திரும்பித் திரையைப் பார்த்தாள். திரும்பி வந்து டீச்சரைப் பார்த்தாள்.

"வகுப்புலயே முதல் மார்க் அந்தப் பொண்ணுதான். மத்ததெல்லாம் பதினாலு, பதினாறு. இவ இருபது. இன்னிக்கு நேத்திக்கு இல்ல, அஞ்சு மாசமா இருபது. காது கேக்காம இருபது எப்படி வரும்?"

"அதுதான் எனக்கும் புரியல மேடம்."

"அப்ப புரிஞ்சதுக்கு அப்புறம் வாங்க."

"வியாழக்கிழமை காது டாக்டர் வர்றாரு. லிஸ்ட்ல இவ பேரையும் சேர்த்துடுங்க. பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷம். ரெண்டு மாசத்துல பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவா. அங்க ஐம்பது பேர்ல ஒருத்தி. யாரு கவனிப்பா?"

"லிஸ்ட் நான் போடுறதில்ல. அது தானா வருது. யாருக்குச் சிவப்போ அவங்க பேர் வரும். நீங்க ஏதாவது எழுதணும்னா ஆசிரியர் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆனா அது உங்களுக்குத் திறக்காது. தெரியும்ல?"

தெரியும். திரையின் வலது ஓரத்தில் ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன. பச்சையானவர்களுக்குக் குறிப்புக் கட்டம் திறக்கும். ஆரஞ்சானவர்களுக்குப் பூட்டுப் படம் வரும். டீச்சர் ஆரஞ்சு. பன்னிரண்டு வருடம் நாலு வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள் ஆரஞ்சு. போன மாதம் சேர்ந்த பக்கத்து அறைச் சின்ன டீச்சர் பச்சை.

"டேப் தயார்நிலைத் தேர்வுல உங்களுக்கு முப்பதுக்குப் பதினொண்ணு. நான் சொல்லல, அது சொல்லுது," என்றாள் பெரிய மேடம். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னு சொன்னாளாம். டேப்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி டேப்பைக் கத்துக்கலாம்ல? எத்தனை தடவை சொல்லியாச்சு. உங்ககிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்கு."

"இவ காதுல சங்காவது ஊதிப் பார்த்திருக்கலாம் மேடம். அதைக்கூட யாரும் செய்யல," என்றாள் டீச்சர்.

பெரிய மேடம் பேனாவை மூடினாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

டேப் வந்தபோது ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சியை நினைத்தால் டீச்சருக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அரை நாள். ஒரு கூடம். நாற்பது ஆசிரியர்கள், ஒரே ஒரு டேப், அதுவும் மேடையில். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞன் ஒருவன் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவன் விரல்கூடத் தெரியவில்லை. பிள்ளை டேப்பைத் தூக்கித் தரையில் அடித்தால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். ரப்பர் உறை, உடையாது என்றான். இருபத்திரண்டு பிள்ளைக்கு ஆறு டேப் என்றால் மீதிப் பதினாறு பேர் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்று டீச்சர் கேட்டாள். அது அடுத்த கட்டப் பயிற்சியில் வரும் என்றான். அடுத்த கட்டம் வரவில்லை. தேர்வுதான் வந்தது. டேப் நின்றுபோனால் எந்தப் பொத்தானை எத்தனை நொடி அழுத்த வேண்டும்? பதிவை எந்த மணிக்குள் அனுப்ப வேண்டும்? இப்படி முப்பது கேள்வி. முப்பதில் ஒன்றில்கூடக் குழந்தை இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, வழி கண்டுபிடித்ததற்கு மார்க்கும் போட்டார்கள்.

மிளகின் காதைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் வந்தது, மேடத்திடம் போன அன்று காலையில்தான். இரவெல்லாம் மின்சாரம் இல்லை. டேப் ஆறும் சார்ஜ் ஏறாமல் அலமாரியில் செத்துக் கிடந்தன. வெளியே மழை. பிள்ளைகள் அறைக்குள் கொட்டிய கடுகாய்ச் சிதறினார்கள். டீச்சர் அவர்களை வரிசையாகச் சுவரைப் பார்த்து நிறுத்தினாள். கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொள்ள வேண்டும். டீச்சர் பின்னால் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். பெயர் கேட்டவர் ஓடி வந்து அவள் உள்ளங்கையில் தட்ட வேண்டும். டேப் வருவதற்கு முன் வாரத்துக்கு மூன்று முறை இப்படி ஏதாவது விளையாடுவார்கள். டேப் வந்த பிறகு நாலு சுற்று, சுற்றுக்கு இருபது நிமிடம் என்று காலைப்பொழுதை அதுவே தின்றுவிட்டது.

இருபத்தொரு பேர் ஓடி வந்து தட்டினார்கள். மிளகு நின்றாள்.

டீச்சர் மூன்று தரம் கூப்பிட்டாள். நாலாவது தரம் கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து அறையிலிருந்து சின்ன டீச்சர் எட்டிப் பார்த்தாள். மிளகு கண்ணைப் பொத்திக்கொண்டு, சொன்ன பேச்சுத் தட்டாத பிள்ளையாக, வெறும் சுவருக்கு முன்னால் தனியாக நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் போய் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பினாள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்தாள். தானும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் டீச்சருக்குப் பொறி தட்டியது. எதற்கென்று தெரியாமல், ஒரு நொடி பிந்தி வந்து சேர்ந்துகொண்ட சிரிப்பு. யோசித்துப் பார்த்தால் மிளகு எல்லாவற்றிலும் அந்த ஒரு நொடி பிந்தித்தான் இருந்தாள். பையை எடு என்றால் மற்றவர்கள் எழுந்த பிறகு எழுவாள். உட்கார் என்றால் கடைசியாக உட்காருவாள். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே எட்டு மாதத்தை ஓட்டியிருக்கிறாள்.

"அடம் டீச்சரம்மா, வேற ஒண்ணுமில்ல," என்றாள் ஆயாம்மா. மிளகு என்று பெயர் வைத்ததே அவள்தான். ஆள் துளி, நிறம் கறுப்பு, சீண்டினால் காரம். "தாயில்லாப் பிள்ளை. அது வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்ல. துக்கம் உள்ளேயே உறைஞ்சு கிடக்கு."

எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். சேர்ந்த புதிதில் டீச்சரும் அதைத்தான் நினைத்தாள். மூன்றாவது மாதம் ஒரு முறை, காதைக் காட்டச் சொல்லலாமா என்று மனதில் பட்டது. அந்த வாரம்தான் டேப் வந்தது. முதல் அறிக்கையிலேயே மிளகுக்கு இருபது. அப்பாடா, காதில் ஒன்றுமில்லை, மனசுதான் என்று டீச்சரும் விட்டுவிட்டாள். பெரிய மேடத்தைத் திட்டும்போதெல்லாம் இந்த எண்ணம் குறுக்கே வந்து நின்றது.

சாயங்காலம் மிளகின் அப்பா வந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கையில் கிரீஸ் கறை, முகத்தில் ஒன்றும் இல்லை. வருவான், பிள்ளையின் தோளைத் தொடுவான், பையை வாங்கிக்கொள்வான், போவான். அவனிடம் பேசுவது பூட்டின கதவிடம் பேசுவது போல.

டீச்சர் சொன்னாள். அவன் முழுதும் கேட்டான். பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். 'கேட்டல் நட்சத்திரம்' என்று எழுதி, மிளகின் புகைப்படம் ஒட்டி, பள்ளிக்கூடம் அனுப்பிய வாழ்த்து அட்டை.

"இதை அனுப்பினது யாரு?"

"நாங்கதான்."

"இதுல இருபதுக்கு இருபது. இப்ப நீங்க காது கேக்கலங்கிறீங்க. ரெண்டுல நான் எதை நம்பணும்?"

"நான் சொல்றதை நம்புங்க சார்."

"மேடம் மத்தியானமே போன் பண்ணாங்க. நீங்க ஏதாவது சொல்வீங்க, பெரிசா எடுத்துக்காதீங்கன்னாங்க." அவன் பையைத் தோளில் மாட்டினான். "அவங்க அம்மா போனதுல இருந்தே இவ இப்படித்தான் டீச்சர். பேச்சு வரல. எனக்கே வரல, இவளுக்கு எங்க இருந்து வரும்? விட்டுடுங்க."

அவன் போன பிறகு டீச்சர் குட்டி நாற்காலிகளை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். வழக்கமாக ஆயாம்மா செய்கிற வேலை. ஒவ்வொரு நாற்காலியையும் மேசைக்கு வலிக்கும்படி வைத்தாள்.

"நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு," என்றாள் ஆயாம்மா.

"அதுதான் கிட்ட இருக்கு," என்றாள் டீச்சர்.

மறுநாள் மின்சாரம் வந்திருந்தது. இரண்டாவது சுற்றில் மிளகின் முறை. டீச்சர் மற்றவர்களை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு மிளகுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் ஒரு பிள்ளையின் பின்னால் உட்கார்ந்து இருபது நிமிடம் முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

டேப் "குடை" என்றது. திரையில் நாலு படங்கள்: குடை, சாவி, வாத்து, தொப்பி. பக்கத்தில் இருந்த பையன் அவசரப்பட்டு வாத்தை அழுத்தினான். அவன் டேப் 'ப்பூ' என்று கேலி செய்தது. மிளகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. குடை மட்டும் லேசாக ஆடியது. மிளகு குடையைத் தொட்டாள். நட்சத்திரம்.

"சாவி" என்றது டேப். கை மடியில். ஒன்று, இரண்டு, மூன்று. சாவி ஆடியது. தொட்டாள். நட்சத்திரம்.

இருபது முறை. ஒரு முறைகூட அவசரம் இல்லை. காது கேட்கிற பிள்ளைகள் கேட்டதை நம்பி முந்திக்கொண்டு தப்பு செய்தார்கள். இவளுக்கு முந்திக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் தப்பும் இல்லை.

டீச்சருக்கு முதலில் வந்தது கோபம். எவனோ ஒருவன் குளிர் அறையில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை திணறினால் விடையைக் காட்டிக்கொடுக்கும்படி செய்திருக்கிறான். சரி, செய்தான். காட்டிக்கொடுத்து வாங்கிய மார்க்கையும் கேட்டு வாங்கிய மார்க்கையும் ஒரே கணக்கில் போட்டிருக்கிறான். கரும்பலகையில் விடையை எழுதிவைத்துவிட்டுப் பரீட்சை நடத்துகிற வாத்தியாரை நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். கண்ணாடிப் பலகையை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது வேறு. டேப் வந்த முதல் வாரம். நாலு சுற்றும் முடியாமல் மத்தியானம் வரை இழுத்தது. மணிக்குள் பதிவு போகாவிட்டால் அறையின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு விழும். பிள்ளைகள் ஒவ்வொரு படத்துக்கும் டீச்சர், டீச்சர் என்று கத்தினார்கள். டீச்சர் அறை நடுவில் நின்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்: தெரியலைன்னா கையைக் கட்டிட்டுச் சும்மா இரு, படம் ஆடும், ஆடுற படத்தைத் தொடு. இரைச்சலில் குரல் எடுபடாததால் கையாலும் செய்து காட்டினாள். கையைக் கட்டினாள். உள்ளங்கையை ஆட்டினாள். அதன்மேல் விரலை வைத்தாள். ஒரு வாரம், ஒவ்வொரு சுற்றிலும், அதே அபிநயம்.

மற்ற இருபத்தொரு பேரும் மறந்துவிட்டார்கள். கையால் சொன்ன ஒரே பாடத்தை மிளகு மட்டும் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வாயில் வந்த கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெளிவாக இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"அஞ்சு நிமிஷம் சார். பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதுல உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுங்க. அவ்வளவுதான்."

"வேலை இருக்கு டீச்சர்."

"நீங்க மெஷின் பார்க்கிற ஆளு. இதையும் ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க."

அவன் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தான். டீச்சர் டேப்பின் சத்தத்தை முழுக்க அணைத்து அவன் முன்னால் வைத்தாள்.

"சத்தமே வரலையே."

"வராது. கையைக் கட்டிட்டுச் சும்மா இருங்க. ஆடுறதைத் தொடுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று. வாத்து ஆடியது. தொட்டான். நட்சத்திரம். தொப்பி ஆடியது. தொட்டான். நாலாவது படத்தில் அவன் முகம் மாறத் தொடங்கியது. பத்தாவதில் டீச்சரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். நிறுத்தவில்லை. இருபதும் முடிந்தன. திரையில் பூ கொட்டி, 'கேட்டல் திறன்: மிகச் சிறப்பு' என்று வந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"லிஃப்ட்ல கதவு மூடியாச்சுன்னு ஒரு லைட் எரியும்," என்றான். "எரியும். கதவு திறந்து கிடக்கும். ஒருத்தர் காலை எடுத்து வெச்சாத்தான் தெரியும்."

எழுந்தான். மிளகு அறையின் மறுகோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா," என்றான்.

இன்னும் கொஞ்சம் சத்தமாக, "பாப்பா."

பிறகு ஒரு குரல் கொடுத்தான். மேல் மாடியில் நின்றுகொண்டு, பத்து மாடி கீழே லிஃப்ட் குழிக்குள் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய குரல். வாசலில் நின்ற ஆயாம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பெரிய மேடம் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

மிளகு ஐந்தாவது கட்டையை எடுத்து நாலாவதின் மேல் வைத்தாள். விழாமல் நின்றதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

அப்பா சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"நான் இவளை வீட்ல கூப்பிட்டதே இல்ல," என்றான். டீச்சரிடம் சொன்னது போலவும் இல்லை. "கிட்ட போய்த் தொடுவேன். சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கோம்னு நெனச்சேன். அவங்க அம்மா இருந்தா கூப்பிட்டிருப்பா. ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவா."

திரும்பி டேப்பைப் பார்த்தான்.

"ஆடுற வரைக்கும் காத்திருக்கணும்னு இவளாவா கண்டுபிடிச்சா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளை, அதுவே கண்டுபிடித்தது என்று சொன்னால் நம்பியிருப்பான். பெரிய மேடம் அதைத்தான் எதிர்பார்த்து டீச்சரைப் பார்த்தாள்.

"இல்ல. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்," என்றாள் டீச்சர். "நேரத்துக்கு முடிக்கணும்னு எல்லாருக்கும் சொன்னேன். இவ பிடிச்சுக்கிட்டா."

"நீங்களா."

"நான்தான்."

"நேத்து வாசல்ல நின்னு, என்னை நம்புங்கன்னீங்க."

"நேத்து எனக்கு இது தெரியாது. ஆனா செஞ்சது நான்தான்."

அவன் முகத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று ஓடியது. அது கோபம். இத்தனை மாதம் காலியாகக் கிடந்த வீட்டில் யாரோ விளக்குப் போட்டது போல இருந்தது. "நீங்க சொல்லாம இருந்திருந்தா அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே சிவப்பு விழுந்திருக்கும். விழுந்திருக்குமா இல்லையா?"

"விழுந்திருக்கும்."

"சார், ஒரு நிமிஷம்," என்று பெரிய மேடம் உள்ளே வந்தாள். "இது சாஃப்ட்வேர்ல ஒரு சின்னக் குறை. நாங்க மேல சொல்லிச் சரி பண்ணிடுறோம். வியாழக்கிழமை லிஸ்ட்டுக்கு ஏதாவது வழி இருக்கான்னு கேட்டுப் பார்க்கிறேன். நீங்க பதற்றப்படாதீங்க. டீச்சர், இதையெல்லாம் எழுத்துல போட்டுக் குடுத்துடாதீங்க. இவளோட இருபது தப்புன்னா இருபத்திரண்டு பேரோட மார்க்கும் தப்புன்னு ஆகும். எல்லாக் கிளையிலயும் இதே டேப்தான். யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுப் பார்த்துட்டேன் மேடம். தப்புதான். இருபத்திரண்டும் தப்பு."

"உங்க தயார்நிலை..."

"எனக்கு டேப் தெரியாது. சரி. டேப்புக்குப் பிள்ளை தெரியுமான்னு ஒரு தேர்வு வெச்சீங்களா? பன்னிரண்டு வருஷமா நான் தரையில உட்கார்ந்து பார்த்த பிள்ளைங்களை, இந்த அஞ்சு மாசமா நின்னுக்கிட்டு எண்ணிக்கிட்டிருக்கேன். யாருக்குக் கேக்குது, யாருக்குக் கேக்கலன்னு பார்க்க எனக்கு நேரம் விடல. பூட்டுப் படம் போட்டு வாயை அடைச்சீங்க. நானும் சும்மா இருந்தேன், அதான் என் தப்பு. இனிமே இருக்க மாட்டேன்."

டேப்பை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அப்பா போய் மிளகின் தோளைத் தொட்டான். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினாள். தூக்கிக்கொண்டான்.

"வியாழக்கிழமையும் வேண்டாம், லிஸ்ட்டும் வேண்டாம். நாளைக்குக் காலையில நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றான். பிறகு டீச்சரிடம், "நீங்களும் வர்றீங்க," என்றான்.

"நான் எதுக்கு?"

"டாக்டர் ஏதாவது கேட்டா நான் என்ன சொல்றது? எம்பொண்ணைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தப்பா இருக்கு. உங்களுக்காவது எது தப்புன்னு தெரியும்."

"நாளைக்கு லீவு கிடையாது," என்றாள் பெரிய மேடம். "பதிவு யாரு போடுறது?"

"ஒரு நாளைக்குப் பிள்ளைங்களைப் பார்க்கச் சொல்லுங்க மேடம். பதிவு கிடக்கட்டும்," என்றாள் டீச்சர்.

ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பகுதி ஒரு நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. சோதிக்கிற பெண் மிளகைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துத் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று அபிநயம் காட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தான்களைத் திருகத் தொடங்கினாள். மிளகு கையைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்பாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை தலைகாட்டியது.

"உங்க தோளைப் பார்க்கிறா," என்றாள் டீச்சர் அந்தப் பெண்ணிடம்.

"எது?"

"நீங்க பொத்தானை அழுத்தும்போது தோள் அசையுது. அதைப் பார்த்துக் கையைத் தூக்குறா. மறைச்சுக்குங்க."

சோதிக்கிறவள் கொஞ்சம் முறைத்தாள். பிறகு கண்ணாடிக்குக் குறுக்கே ஒரு பெரிய அட்டையை நிறுத்தி வைத்தாள். ஓரத்தில் ஒரு கண் அளவுக்கு இடம் விட்டு, அது வழியாக மிளகைப் பார்த்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

மிளகின் கை மடியிலேயே இருந்தது. வெகுநேரம் இருந்தது. எதையாவது காட்டுவார்கள் என்று அவள் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். டீச்சர் போகவில்லை. பார்ப்பது அவள் வேலை.

"இடதுல கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல," என்றாள் சோதிக்கிறவள், எல்லாம் முடிந்து அப்பாவை உள்ளே கூப்பிட்டு. "வலதுல பாதி இருக்கு. காது மெஷின் வெச்சாப் பிடிச்சுக்கும். பேச்சும் வரும், பழக்கணும். முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா இந்நேரம் பேசிட்டிருப்பா."

"அவங்க அம்மா இறந்துட்டாங்க," என்றான் அப்பா. "அதனால இருக்காதா?"

"காதுக்கு அதெல்லாம் தெரியாது சார்," என்றாள் அவள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேருக்குச் சொல்கிறவள்.

மெஷினுக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அப்பா பாரத்தை முழங்காலில் வைத்து எழுதினான். பெயர், வயது, எழுதினான். தாயார் என்ற இடத்தில் கோடு போட்டான். மிளகு அவனுக்கும் டீச்சருக்கும் நடுவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எட்டாவது கேள்வியில் அவன் பேனா நின்றது. 'இதுவரை ஏன் பரிசோதிக்கவில்லை?' என்று கேட்டு, கீழே மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.

அவன் முதல் வரியில் எழுதினான்: 'தகப்பன் கவனிக்கவில்லை.'

பாரத்தையும் பேனாவையும் டீச்சர் பக்கம் தள்ளினான். மன்னித்த முகம் இல்லை அது.

"உங்களையும் எழுதுங்க."

டீச்சர் வாங்கினாள். இரண்டாவது வரியில், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிற குண்டு எழுத்தில், 'டீச்சர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள்' என்று எழுதினாள். மூன்றாவது வரி மிச்சம் இருந்தது. அதில் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில், 'பொய் மார்க் கொடுத்தது. சொன்னபோது கேட்கவில்லை' என்று எழுதினாள். பேனா காகிதத்தில் பள்ளம் விழும்படி ஓடியது. கீழே தன் முழுப் பெயரையும் வேலையையும் போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

அப்பா வாங்கிப் படித்தான். மறுபடி ஒரு முறை படித்தான். மிளகைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனான்.

கவுன்ட்டரில் இருந்தவள் எட்டாவது கேள்வியில் நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இங்க எல்லாரும் 'தெரியாது'ன்னுதான் போடுவாங்க. இப்படியெல்லாம் எழுதினா மேல கேள்வி கேப்பாங்களே. வேற பாரம் தரவா?"

"கேக்கட்டும்," என்றான் அப்பா. "முத்திரையைக் குத்துங்க."